முகத்துவாரமும் துறைமுகமும்: பழவேற்காட்டுக் கடற்கரை வரலாறு குறித்த ஒரு மீள்பார்வை

ஆய்வுச் சுருக்கம்

சோழமண்டலக் கடற்கரையின் பழந்துறைகளுள் ஒன்றான பழவேற்காட்டின் வரலாறு பெரும்பாலும் ஒல்லாந்தர் கோட்டையையும் கல்லறைகளையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. காயலும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை மையமாக வைத்து அவ்வரலாற்றை நோக்கினால், வணிகக் கும்பினியின் வருகைக்கும் மறைவுக்கும் அப்பால் நீளும் வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது. கள நோக்கையும் நூல்வழி அறியப்பட்ட செய்திகளையும் இணைத்து அத்தொடர்ச்சியை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். துறைமுகத்தின் வீழ்ச்சிக்கு முகத்துவாரம் தூர்ந்தமையே காரணம் எனக் கொள்ளும் விளக்கத்தின் போதாமையையும் இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, முகத்துவாரம், காயல், ஒல்லாந்தர், பாடு முறை, நெய்தல்

1. முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஊருக்கும் கடலுக்கும் இடையே காயல் கிடக்கிறது. பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் உள்ள குப்பத்தை அடைந்து, அங்கிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தால் மணல்மேடு மெலிந்துகொண்டே சென்று ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. அதுவே முகத்துவாரம். நீரின் மறுபுறம் தெரிவது ஸ்ரீஹரிகோட்டா தீவின் தென்கோடி. கட்டுரையாளர் அங்குச் சென்றது ஒரு வற்றநீர்ப் பொழுதில். கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. காயலின் கலங்கல் நீர் வாய்வழியே வெளியேறிக் கடலின் பசுநீரைச் சந்திக்கும் இடத்தில் நுரைக்கோடு ஒன்று நீண்டு கிடந்தது. சிறு படகுகள் அக்கோட்டைக் குறுக்காகக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தன.

இவ்வமைதி பார்ப்பவரை எளிதில் ஒரு முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரு காலத்தில் பெருந்துறையாக விளங்கிய இடம் இன்று வெறும் மணலாகிவிட்டது என்பதே அது. பழவேற்காட்டைப் பற்றிய பல குறிப்புகளும் இவ்விரங்கலுடன்தான் முடிகின்றன. இரங்கல் நெய்தல் திணைக்குரிய உரிப்பொருள் என்பது உண்மையே. எனினும் வரலாற்று ஆய்வு அவ்வுணர்வோடு நின்றுவிட இயலாது. இங்கு மறைந்தது எது, மறையாமல் இருப்பது எது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

2. முகத்துவாரத்தின் இயல்பு

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய காயல் பழவேற்காட்டுக் காயலாகும். அதன் பெரும்பகுதி இன்றைய ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் வந்து கலக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்ட மணல்தடுப்பாக நிற்கிறது.

இக்கரையில் கடலோதத்தின் ஏற்றவற்றம் சிறிது. பெருக்கு நாட்களிலும் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே இருக்கும். ஆகவே கரையோர நீரோட்டம் கொண்டுவந்து குவிக்கும் மணலை முழுவதும் அள்ளிச்செல்லும் ஆற்றல் ஓதத்திற்கு இல்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டு முழுமையையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறுகள் பெருகிக் காயல் நிறையும்போது வெள்ளம் வாயை அகலப்படுத்துகிறது. கோடையில் வரத்து குன்றவே மணல் மேலோங்கி வாய் குறுகுகிறது. சில ஆண்டுகளில் அடைபட்டும் போகிறது. திறத்தலும் தூர்தலும் ஆண்டுதோறும் நிகழும் இவ்வியக்கத்தின் இரு பக்கங்களே.

ஆறு கடலிற் புகும் இடத்தைப் ‘புகார்’ என்றும், கடற்கரைப் பேரூரைப் ‘பட்டினம்’ என்றும், சிற்றூரைப் ‘பாக்கம்’ என்றும் பிரித்துப் பெயரிட்ட மொழி தமிழ். இடத்தின் பெயருக்கும் நீரின் இயக்கத்திற்கும் உள்ள உறவைப் பண்டையோர் நன்கு உணர்ந்திருந்தமைக்கு இச்சொற்கள் சான்று. காவிரியின் வாயில் இருந்த பேரூர் அவ்வாயின் பெயரையே தன் பெயராகக் கொண்டது ஈண்டு நினையத்தக்கது.

3. கப்பல் கண்ட பழவேற்காடு

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா, விசயநகர அரசுக்குட்பட்ட இத்துறைக்கு முகமதிய வணிகரின் கப்பல்கள் மிகுதியாக வந்து சென்றமையைக் குறிப்பிட்டுள்ளார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இது வளமான துறையாக இருந்தது என்பதற்கு அக்குறிப்பு போதிய ஆதாரமாகும். 1610ஆம் ஆண்டில் விசயநகர மன்னர் வேங்கடபதிராயரின் இசைவைப் பெற்று ஒல்லாந்தர் இங்குப் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துகீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டு கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஒல்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1690 அளவில் தலைமையகம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கும்பினியின் தலைமையிடம் பழவேற்காடே.

ஒல்லாந்தர் இவ்விடத்தைத் தெரிந்துகொண்டமைக்குரிய காரணங்களுள் முதன்மையானது துணி. உள்நாட்டுத் தறிகளில் நெய்யப்பட்ட சாயத்துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, அவற்றுக்கு மாற்றாக மிளகும் சாதிக்காயும் கிராம்பும் பெறுவதே அவர்தம் வணிகத்தின் அடிப்படை. மலாய் மக்கள் இன்றும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிகாட்’ என்னும் பெயர் வழங்குகிறது. பழவேற்காட்டின் ஐரோப்பிய வடிவமான ‘புலிகாட்’ அப்பெயரில் உறைந்துள்ளது. ஊரில் துறை ஓய்ந்த பின்னும் ஊரின் பெயர் கடல் கடந்த நாட்டில் ஆடையாக நிலைத்துவிட்டது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆழ்கடற் கப்பல்கள் முகத்துவாரத்தின் வழியே காயலுக்குள் வந்ததில்லை. சோழமண்டலக் கரையின் பிற துறைகளைப் போலவே இங்கும் அவை கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் மக்களையும் கரைசேர்த்தவை உள்ளூர்ப் படகுகள். அலையையும் மணல்திட்டையும் வாயின் அவ்வப்போதைய நிலையையும் அறிந்தவர்கள் அப்படகோட்டிகளே. கும்பினியின் கணக்கேடுகளில் துணியின் எண்ணிக்கையும் விலையும் உண்டு. அத்துணியை அலையின் மேல் கொண்டுசென்றோரின் அறிவுக்கு அங்கே பத்தி இல்லை.

4. கல்லில் இடம்பெறாதோர்

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே குலச்சின்னங்களும் எழுத்துகளும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட பலகைக் கற்கள் உள்ளன. 1632 முதல் பத்தாண்டுகள் இங்குச் சமயக்குருவாகப் பணியாற்றிய ஆபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் அவர் மறைந்த பின் 1651இல் லைடன் நகரில் வெளியாயிற்று. பர்த்ருஹரியின் பாக்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக இடம்பெற்றது அந்நூலில்தான். இவை பழவேற்காட்டு வரலாற்றின் ஒளிமிக்க பக்கங்கள்.

ஆனால் இதே துறையிலிருந்து வெடிமருந்தும் ஏற்றுமதியாயிற்று, மனிதர்களும் ஏற்றுமதியாயினர். 1614இல் வேங்கடபதிராயர் இறந்தபின் எழுந்த வாரிசுரிமைப் போரும், அடுத்தடுத்து வந்த பஞ்சங்களும் மக்களை வறுமையின் எல்லைக்குத் தள்ளின. பிள்ளைகளை விற்றோரும் தம்மையே விற்றுக்கொண்டோரும் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கரையிலிருந்து கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்றவையும் உள்ளூர்ப் படகுகளாகவே இருந்திருத்தல் வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குக் கல் இல்லை. நெய்தோருக்கும் இல்லை. கல்லை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு இவர்களை இயல்பாகவே விட்டுவிடுகிறது.

5. வாய் தூர்ந்ததால் துறை வீழ்ந்ததா?

பழவேற்காட்டுத் துறையின் வீழ்ச்சிக்கு முகத்துவாரம் தூர்ந்தமையே காரணம் எனக் கூறுவது வழக்கம். இவ்விளக்கம் எளிமையானது, ஆயின் நிறைவானதன்று. மேலே காட்டியவாறு பெருங்கப்பல்கள் காயலுக்குள் வந்தனவல்ல. மேலும், 1639இல் ஆங்கிலேயர் நிலைகொண்ட சென்னையில் கப்பலுக்கு ஒதுங்கிடம் ஏதும் இல்லை; திறந்த அலைக்கரையே இருந்தது. அவ்வாறிருந்தும் சென்னை வளர்ந்தது, பழவேற்காடு தளர்ந்தது. இயற்கை அமைப்பு மட்டுமே துறையின் விதியைத் தீர்மானிப்பதாயின் இதற்கு விளக்கம் இல்லை.

அரசியல் காரணங்களே வலியவை. தலைமையகம் நாகப்பட்டினத்திற்குச் சென்றமை முதல் அடி. 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் கைப்பற்றினர். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றுவிட, ஒல்லாந்தர் மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்தனர். 1795இல் அதனையும் இழந்தனர். பின்னர் ஒருமுறை திரும்பப் பெற்றும், 1824ஆம் ஆண்டு ஆங்கில–ஒல்லாந்த உடன்படிக்கையின்படி 1825இல் அதனை முற்றிலுமாக விட்டு நீங்கினர். ஐரோப்பாவில் இடப்பட்ட கையொப்பங்களே இத்துறையைத் திறந்தன, மூடின.

அதற்குப் பின்னும் நீர்வழி ஓய்ந்துவிடவில்லை. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கப்பட்ட கால்வாய் பின்னர் வடக்கே நீட்டிக்கப்பட்டுக் காயலோடு இணைந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்ட அதற்குப் பக்கிங்காம் பெயர் இடப்பட்டது. துறைமுகம் என்னும் தகுதியை இழந்த ஊர், உள்நாட்டு நீர்வழியின் ஒரு கண்ணியாகத் தொடர்ந்தது.

6. வலை கண்ட பழவேற்காடு

இறாலின் வாழ்க்கை இரு நீர்களில் நிகழ்வது. கடலில் பிறக்கும் குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே காயலுக்குள் வந்து வளர்கின்றன; வளர்ந்தபின் வற்றநீரோடு கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே வாய் அடைபட்டால் காயலின் விளைச்சல் குன்றும். வாயை அடுத்த ஓடைகளே வலைக்குச் சிறந்த இடங்கள் என்பதும் இதனாலேயே.

எல்லோரும் விரும்பும் இடம் சிலவாகவும், விரும்புவோர் பலராகவும் இருக்கும்போது பூசல் எழுவது இயல்பு. அதனைத் தவிர்க்கக் காயல் மீனவர் கைக்கொண்ட ஏற்பாடு ‘பாடு’ எனப்படுகிறது. மீன்பிடி இடங்களைப் பகுத்து, ஊர்ப் பெரியோர் முன்னிலையில் சீட்டுப் போட்டு, முறைவைத்து மாறிமாறி வலை கட்டுவதே இதன் சாரம். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் செல்ல வேண்டும். எழுதிய சட்டத்தின் வலிமையின்றி, ஊர்க் கட்டுப்பாட்டின் வலிமையால் இது நின்று வருகிறது.

இதனைக் குறையற்ற முறையெனப் போற்றுவது ஆய்வு நேர்மையாகாது. பாட்டுரிமை குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட சமூகத்தார்க்கே பிறப்பால் உரியது. காயல் ஓரத்தில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறியில் இட்டு வாழும் இருளர்கள் இம்முறைக்குப் புறத்தே நிற்கின்றனர். நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு, யார் பகிரலாம் என்னும் வேலியையும் உடன் கொண்டுள்ளது. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காணும்போதுதான் பாடு வரலாற்றுச் சான்றாகப் பயன்படும்.

7. முடிவுரை

கரையின் ஓரிடத்தில் கட்டப்படும் சுவர் வேறோரிடத்தில் மணலை அரிக்கும் என்பதைச் சென்னைத் துறைமுகம் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. அதன் தெற்கே மெரினா மணல் அகன்றது. வடக்கே இராயபுரக் கரை கரைந்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயற்படத் தொடங்கியுள்ள நிலையில், முகத்துவாரத்தைத் திறந்த நிலையில் காக்க வேண்டும் என்னும் மீனவர் கோரிக்கை வரலாற்றாய்வுக்குப் புறம்பான செய்தியன்று.

கோட்டையின் இடிபாடுகளில் இன்று சீமைக்கருவேலம் மண்டியுள்ளது. கல்லறைகளுக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் உண்டு. இங்கிருந்து சென்றுவிட்ட கும்பினிக்கு அவை நினைவுச் சின்னங்கள். அக்கும்பினி நீங்கிய பின்னும் ஊரை வாழவைத்த முகத்துவாரத்துக்கும், அதனை ஒட்டி வளர்ந்த பாடு முறைக்கும் மரபுச்சின்னம் என்னும் தகுதி வழங்கப்படவில்லை. கல்லுக்குக் கிடைத்த கவனம் நீருக்கும் கிடைத்தல் வேண்டும். படகோட்டிகள், வலைகட்டுவோர், இருளர் ஆகியோரின் வாய்மொழி வழக்காறுகள் முறையாகத் தொகுக்கப்படுதல் அதற்கு முதற்படியாகும்.

வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கியபோது கட்டுரையாளர் கரையை விட்டுத் திரும்பினார். நுரைக்கோடு காயலின் உட்புறம் நகர்ந்திருந்தது. ஆளில்லாக் கரை என்று முதலில் தோன்றிய அவ்விடத்தில், அடுத்த முறைக்குரியவர்கள் வலையோடு வந்து காத்திருந்தனர்.