கொசுவும் கணக்குப் புத்தகமும்

லோபாக்கிலிருந்து நாள்தோறும் தோட்டத்திற்குச் சென்று கிராணி வேலை பார்க்கும் எமக்குச் செக்ரோல் புத்தகமே உற்ற துணை. நோயால் வேலைக்கு வாராதவனுக்கும் அதில் ஒரு குறியுண்டு. ஆயின், அந்நோயால் அவனுக்கும் தோட்டத்திற்கும் நேர்ந்த நட்டம் எவ்வளவென எழுத அதில் இடமில்லை. இந்நாட்டு முதலாளிகளை அந்நட்டத்தை எண்ணிப் பார்க்கச் செய்தது மலேரியாச் சுரம்.

இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் அங்கு உழைத்தோரைச் சுரம் வீழ்த்திற்று. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் இரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 இல். கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் அதனை நம்பினார். சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை அழிக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901 இல் இறந்தோர் 582 பேர். 1902 இல் 144. 1903 இல் 115. வாசகர் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் ஓராண்டில் சுரச் சாவு 368 இலிருந்து 59 ஆயிற்று. பிற நோய்ச் சாவும் 214 இலிருந்து 85 ஆகக் குறைந்தது. சுரத்தால் நலிந்த உடல்தானே பிற நோய்க்கும் இரையாகிறது!

மலைச்சாரல் தோட்டங்களில் இம்முறை பொய்த்தது. காடு அழிந்தபின் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகிற்று. ஆங்கு நீரை நிலத்தடிக் குழாய்களிற் செலுத்தவும், எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று.

இவ்வளவு பொருளை முதலாளிகள் செலவிட்டது இரக்கத்தால் மட்டுமோ? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆளைக் கப்பலேற்ற 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதற்குத் தோட்டங்கள் வரி கொடுத்தன. தொழிலாளி மாண்டால் கப்பற் கட்டணமும், கங்காணிக்குக் கொடுத்ததும், பால்மரம் வெட்டப் பழக்கிய காலமும் அவனோடு போயின. குழாய் புதைப்பதே மலிவு என்று கணக்குச் சொல்லிற்று. காரணம் எதுவாயினும் எம் முன்னோர் பலர் அதனாற் பிழைத்தனர். அதை மறுப்பது நன்றியன்று.

இன்று எம்மவரை அரிப்பது இனிப்புநீர். மலேசியாவில் 2019 இல் எடுத்த உடல்நல ஆய்வின்படி, வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு அந்நோய் இருந்தது, இந்தியருள் 31.4 பேருக்கு. 2017 ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு அதன் மருத்துவத்திற்கு மட்டும் செலவிட்டது 438 கோடி வெள்ளி. கூலியிழப்பு அதிற் சேரவில்லை. கொசுச் சுரம் ஒரு வாரத்தில் ஆளைக் கிடத்தும், துரையும் காண்பார். இனிப்புநீரோ பதினைந்தாண்டு ஓசையின்றி வேலை செய்யும். அதுவரை செக்ரோலில் ஒரு நாளும் குறையாது. ஆகவே, தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலைக் குறைத்தலும், மாலையில் நடத்தலும், ஆண்டுக்கொருமுறை இரத்தம் சோதித்தலும் எவர் கணக்கிலும் வரவாகத் தோன்றுவதில்லை.

எம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய ஒருவர்க்குக் காலில் புண் கண்டது. அரைநாட் கூலி போகுமென்று மூன்று வாரம் மருத்துவரிடம் செல்லாதிருந்தார். சென்றபோதுதான் நோயின் பெயரே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டனர். அடுத்த மாதம் அவ்வரியில் வேறொருவர் பெயரை யாமே எழுதினோம்.