ஒழுகும் கலங்கள்

தாயில்பட்டிக்காரர்களுக்குக் கலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் நகைக்கலாம். கந்தகமும் கரிமருந்தும் கையாளும் கரிசல் பூமி இது. ஆனால் எம்மூருக்கு அண்மையிலுள்ள வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் கிடைத்தன. சங்கு கரிசலில் விளைவதில்லை. மன்னார் வளைகுடாவில் கலமேறிச் சென்று மூழ்கியவர்கள் எடுத்துத் தந்தது அது. அந்தக் கலங்கள் எப்படிக் கட்டப்பட்டன, எப்படி ஒழுகின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆம், ஒழுகின. பலகைக் கலம் என்றாலே ஒழுகும் கலம்தான். கட்டுமரம் மட்டுமே விதிவிலக்கு. அதில் நீர் ஒருபுறம் ஏறி மறுபுறம் வடிந்துவிடும். உள்ளே தேங்குவதற்கு இடமே இல்லை!

ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியசு, இந்தியக் கடலில் ஓடும் கலங்களுக்குக் கீல் பூசுவதில்லை, பலகைகளை ஆணியால் அறைவதுமில்லை, கயிற்றால் பிணைக்கிறார்கள் என்று எழுதினார். கடலடியில் காந்தப் பாறைகள் இருந்து ஆணிகளை இழுத்துவிடும் என்ற கதை அன்று உலவியது. அதை அவர் மறுத்தார், நன்று. ஆனால் மாற்றாக அவர் தந்த காரணம், இந்தியரிடம் இரும்பு இல்லை என்பது! ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகளைத் தாழியோடு புதைத்தவர்களையும், கொடுமணலில் உலை வைத்து உருக்கியவர்களையும் அவர் அறியார்.

உண்மைக் காரணம் கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அலை ஓயாது புரண்டு உடையும். சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழும்வரை, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர்ந்தன. சலங்கு என்பதும் இவ்வகையினதே. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் கிடையா. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இணைப்பின் மேல் வைக்கோலோ தென்னை நாரோ வைத்து அழுத்தி, தேங்காய்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். மணலில் மோதும்போது ஆணியடித்த படகு விறைத்து நின்று பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவுக்குக் கொடுத்த விலையே ஒழுக்கு. துடுப்பு வலிப்பவர்களோடு நீர் இறைப்பதற்கென்றும் ஆள் இருந்தார். ஆகவே அந்த ஒழுக்கைக் குறையென்று கூற நமக்கு மனமில்லை. கட்டியவனுக்கும் ஏறியவனுக்கும் தெரிந்தே அது இருந்தது.

ஆணியடித்த தோணிகளில் கதை வேறு. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். கடல்வழி வந்த அயற்சொல்தான், ஆயினும் தமிழாகிவிட்டது. புதுத் தோணி முதன்முதலில் நீரில் இறங்கும்போது கொஞ்சம் கசியும். மரம் ஊறிப் பருத்ததும் இடுக்குகள் தாமே நெருங்கும். ஊறிய பின்னும் கசிந்தால்தான் தச்சனைக் கேட்க வேண்டும்.

தச்சனைக் கேட்க வேண்டிய நிலை வல்லரசுகளுக்கும் வந்தது. நெப்போலியப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை, ஒரே வரைபடத்தின்படி ஏறத்தாழ நாற்பது போர்க்கப்பல்களைக் கட்டுவித்தது. பெரும்பாலானவை தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் போயின. அவசரக் கட்டுமானத்தால் அவற்றுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘நாற்பது திருடர்கள்’. அதே வரைபடத்தின்படி பம்பாயில் 1813இல் பார்சித் தச்சர்கள் தேக்கில் கட்டிய கார்ன்வாலிசு, 1842இல் சீனத்தோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாகும் அளவுக்கு உறுதியோடு மிதந்துகொண்டிருந்தது. பம்பாயிலேயே 1817இல் நீரிலிறங்கிய திரிகோணமலை இன்றும் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் மிதக்கிறது. வரைபடம் ஒன்றே; மரமும் கையும் வேறு.

இனி அண்மைக்கு வருவோம். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் வழங்கப்பட்டன. தேவை பெரிது, கட்டுவோர் சிலர். தமிழகத்திலும் இலங்கையிலும் தரமற்ற படகுகள் கரைக்கு வந்தன. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பும் எச்சரித்தது. கண்ணாடி நார் விரிப்பை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் பிசினை ஊறவிட்டு, உருளையால் காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும். பிசினில் சிக்கனமும் நேரத்தில் அவசரமும் சேர்ந்தால் நடுவில் நார் உலர்ந்தே கிடக்கும். மேற்பூச்சோ கண்ணாடிபோல் பளபளக்கும்! மரப்படகின் ஒழுக்கைக் கண்ணால் பார்க்கலாம்; இதில் நீர் சுவருக்குள் நுழைந்து, மிதப்புக்காக வைத்த நுரையிலும் ஏறி, படகு நாள்தோறும் கனக்கும். மீனவன் மீன் பாரம் என்று எண்ணுவான்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தைக்கு அப்படி ஒரு படகு வாய்த்தது. யார் கொடுத்தது என்பது இங்கு வேண்டாம். நான்காம் மாதத்தில் அடிப்பகுதி கொப்பளித்தது. இரவில் கரையிலிருந்து வெகுதொலைவில் அணியத்தருகே நீர் புகவே, இரண்டு பேர் வலையை விட்டுவிட்டு விடியும்வரை இறைத்துக்கொண்டே திரும்பினர். கரையில் அவ்விடத்தை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே வெள்ளை நார் பிசின் படாமல் அப்படியே இருந்ததாம். கையால் உருவினாலே வந்துவிட்டதாம். ‘ஐயா, எங்க தாத்தா தச்ச வள்ளத்துல ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்’ என்று மட்டும் அவர் எம்மிடம் சொன்னார்.