ஆட்டமரபும் ஆள்தெரிவும்: பார்சிலோனா உதைபந்தாட்டக் கழகம் 1988 – 2008

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் கிண்ணங்களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டு, எந்த அணி, எத்தனை கோல் என்னும் விவரங்களுக்கு அப்பால், ஒரு கழகம் தன்னை யாரெனக் கருதியது, அக்கருத்து அதன் தீர்மானங்களை எவ்வாறு வழிநடத்தியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கழகமொன்று தனது அடுத்த முகாமையாளரைத் தெரிவு செய்யும் வேளையிலேயே இவ்வினாக்களுக்கான விடை வெளிப்படக் காணலாம். (இங்கிலாந்தில் முகாமையாளர் எனப்படுபவரை ஸ்பெயின் நாட்டவர் பயிற்றுநர் என்றே அழைப்பர். வீரர்களை வாங்குவதும் விற்பதும் அங்கு பெரிதும் பணிப்பாளர் ஒருவரின் பொறுப்பாக இருக்கும்.)

2008ஆம் ஆண்டு பார்சிலோனாக் கழகத்தின் முன் இருவர் நின்றனர். ஒருவர் போர்த்துக்கல், இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் லீக் பட்டங்களையும் ஐரோப்பிய சம்பியன் கிண்ணத்தையும் வென்றிருந்த ஹொசே மொறீனியோ. மற்றவர் நான்காந் தரப் பிரிவில் ஆடிய இளையோர் அணியொன்றை ஓராண்டு மாத்திரம் பயிற்றுவித்திருந்த யோசெப் குவார்டியோலா. கழகம் இரண்டாமவரைத் தெரிந்தெடுத்தது. ஆட்டப்பாணியே அத்தெரிவிற்குக் காரணம் எனப் பின்னர் பலரும் எழுதினர். அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பார்சிலோனாக் கழகம் 1899இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யோவான் காம்பர் என்பவரின் முயற்சியால் தோன்றியது. பங்குதாரர்களுக்கன்றி அங்கத்தவர்களுக்கே உரிய கழகம் அது. தலைவரை அவர்களே வாக்களித்துத் தெரிவர். பிராங்கோவின் ஆட்சியிலே கத்தலன் மொழியும் நிறுவனங்களும் ஒடுக்கப்பட்டபோது, கத்தலோனிய மக்களின் உணர்வுக்கு அக்கழகத்தின் மைதானம் ஒரு புகலிடமாயிற்று. ‘கழகம் என்பதற்கும் மேலானது’ என்னும் தொடர் 1968இல் அதன் தலைவர் நர்சிஸ் டி கறேறாஸ் வாயிலாக வழக்கில் வந்தது. இவை பலரும் அறிந்தவை. ஆயின் அக்கழகத்தின் தனிமுத்திரையாக இன்று கொள்ளப்படும் ஆட்டப்பாணி கத்தலோனிய மண்ணில் முளைத்ததன்று என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அது ஒல்லாந்திலிருந்து இறக்குமதியானது.

1965இல் அம்ஸ்டர்டாம் நகரின் அயக்ஸ் கழகத்தைப் பொறுப்பேற்ற றீனுஸ் மிக்கெல்ஸ், 1971இல் அவ்வணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதும் பார்சிலோனாவுக்கு வந்தார். அவருடைய மாணாக்கரான யோகான் கிறைவ் 1973இல் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் மட்றிட் நகரில் றியல் மட்றிட் அணியை 5–0 என வென்றதும், பதினான்கு ஆண்டுகளின் பின் லீக் பட்டம் பெற்றதும் கத்தலோனியரின் நினைவில் ஆழப் பதிந்தன. எனினும் மிக்கெல்ஸ் சென்றதும் அம்முறையும் அவருடனேயே சென்றுவிட்டது. ஒரு மனிதர் கொணர்ந்தது மனிதருடன் நீங்கியது. கழகத்தில் எதுவும் ஊன்றவில்லை.

1978இல் தலைவரான யோசெப் லூயிஸ் நூனியெஸ், முதற் பத்தாண்டுகளில் நடத்திய தெரிவுகளை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும். ஜேர்மனியரான உடோ லற்றெக் வந்தார். உடலுறுதியையும் ஓட்டத்தையும் வலியுறுத்தினார். அவருக்குப் பின் ஆர்ஜென்ரீனரான செசார் மெனொட்டி வந்தார். அவருடைய கோட்பாடு நேரெதிரானது. அடுத்து ஆங்கிலேயரான ரெறி வெனபிள்ஸ் எதிரணியை முன்னேறிச் சென்று நெருக்கும் முறையைக் கொணர்ந்து 1985இல் லீக் பட்டத்தை வென்றார். 1986இல் செவில்லாவில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ருமேனியாவின் ஸ்தேவா அணிக்கெதிராகப் பார்சிலோனா வீரர் உதைத்த நான்கு தண்ட உதைகளும் தடுக்கப்பட, கிண்ணம் கைநழுவியது. பின் லூயிஸ் அறகோனெஸ். தனித்தனியே நோக்கின் இவர்களுள் எவரும் திறமையற்றவரல்லர். ஆயின் ஒவ்வொருவரும் தத்தம் முறைக்கேற்ற வீரரை வேண்டினர். முன்னவர் வாங்கியோர் பின்னவருக்குப் பயன்படவில்லை. மரடோனாவே இரண்டாண்டுகளில் விற்கப்பட்டார். பத்தாண்டுகளில் லீக் பட்டம் ஒன்றே கிட்டியது.

1988 ஏப்பிரலில் வீரர்கள் ஹெஸ்பேரியா விடுதியில் கூடி, தலைவர் பதவி விலகவேண்டுமெனப் பகிரங்கமாகக் கோரினர். அந்நெருக்கடியிலே நூனியெஸ் நாடியது கிறைவை. இதனை ஆட்டக் கோட்பாட்டின்பாற்பட்ட தெரிவு எனக் கொள்ளல் பொருந்தாது. அங்கத்தவரின் சினத்தைத் தணிக்கவல்ல ஒரே பெயர் அதுவாக இருந்தமையாலேயே அவர் அழைக்கப்பட்டார். அரசியல் தேவையாற் பிறந்த தீர்மானம் பின்னாளில் தத்துவத் தீர்மானமாக நினைவுகூரப்படுவது வரலாற்றிற்குப் புதிதன்று.

ஆயினும் கிறைவ் செய்தது மிக்கெல்ஸ் செய்யாதது. பாணியை முதலணியுடன் நிறுத்தாது இளையோர் அணிகள்வரை கொண்டுசென்றார். பழைய பண்ணைவீடான லா மாசியா 1979 முதல் கழகத்தின் இளம் வீரர் தங்கும் விடுதியாக இருந்து வந்தது. அங்கு வளர்ந்த சிறுவர் யாவரும் முதலணி ஆடும் அமைப்பிலேயே பயின்றனர். பயிற்சியின் கரு எளிமையானது: வட்டமாக நிற்போர் பந்தை ஒற்றைத் தொடுகையில் கைமாற்ற, நடுவில் நிற்கும் ஓரிருவர் அதனைப் பறிக்க முயல்வர். இவ்விளையாட்டிலிருந்தே ஏனையவை விரியும். இலக்குக் காவலரே தாக்குதலின் முதல்வர்; ஓர வீரர் எல்லைக்கோட்டை ஒட்டி நின்று களத்தை அகலப்படுத்துவர்; பந்துடையவனுக்கு எப்போதும் இரு திசைகளிலேனும் தோழர் இருத்தல் வேண்டும்; பந்தை இழந்தால் பின்வாங்காது இழந்த இடத்திலேயே உடன் மீட்டல் வேண்டும். உடற்பருமனைக் காட்டிலும் நிற்குமிடம் முதன்மை பெறும் இம்முறையில், வேறிடத்தில் கழிக்கப்பட்டிருக்கக்கூடிய மெலிந்த இளைஞர் சிலர் தேறினர். 1990இல் பத்தொன்பது வயதில் முதலணிக்கு வந்து நடுக்களத்தின் அச்சாக நின்ற குவார்டியோலா அவர்களுள் ஒருவர்.

1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களும், 1992இல் வெம்பிளியில் கூமனின் உதையால் ஐரோப்பியக் கிண்ணமும் கிடைத்தன. 1994 மே மாதம் ஏதென்சில் மிலான் அணியிடம் 4–0 எனத் தோற்றதும் கிடைத்தது. பாணியின் புகழைப் பாடுவோர் ஏதென்சை விரைந்து கடந்து செல்வர். ஆனால் இருண்ட அந்த இரவும் அதே பாணியின் விளைவே. 1996இல் கிறைவ் நீக்கப்பட்டார். பின்வந்த பொபி றொப்சனும் லூயி வான் ஹாலும் கிண்ணங்கள் வென்றனர். றொப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் வந்து, வான் ஹாலின் காலத்திலும் நீடித்துப் பயின்றவரே மொறீனியோ. நான்கு ஆண்டுகள் அவர் பார்சிலோனாவிற் கழித்தார். 2008இல் எதிரெதிர்த் துருவங்களாகக் காட்டப்பட்ட இருவரும் ஒரே பள்ளியின் மாணாக்கர் என்பது கருதத்தக்கது.

2003இல் யோவான் லப்போர்ட்டா தலைவரானார். கிறைவின் ஆலோசனையுடன் பிராங் றைக்கார்ட் நியமிக்கப்பட்டு, 2005, 2006 ஆண்டுகளின் லீக் பட்டங்களும் 2006இன் சம்பியன் கிண்ணமும் வந்தன. அதன்பின் ஒழுங்கு தளர்ந்தது. 2007–08 பருவத்தில் பார்சிலோனா கிண்ணமெதுவுமின்றி, றியல் மட்றிட்டிலும் 18 புள்ளிகள் குறைவாகப் பெற்று மூன்றாமிடத்தில் நின்றது. மே 7ஆந் திகதி மட்றிட்டில், முன்னரே பட்டம் வென்றுவிட்ட எதிரிகளுக்கு இருமருங்கும் நின்று கைதட்டி வரவேற்பளித்த வீரர்கள், பின் 4–1 எனத் தோற்றனர். மறுநாளே குவார்டியோலாவின் நியமனம் அறிவிக்கப்பட்டது.

தேடலோ அதற்குப் பல மாதங்கள் முன்னரே தொடங்கிவிட்டது. அப்போதைய துணைத்தலைவருள் ஒருவரான பெரான் சொறியானோ பின்னர் எழுதிய நூல் அத்தேடலுக்கு வகுக்கப்பட்ட அளவுகோல்களை விவரிக்கிறது. ஆட்டப்பாணி அவற்றுள் ஒன்று மாத்திரமே. கழகத்தின் நிருவாக முறைமைக்கு இணங்குதல், இளையோருக்கு இடமளித்தல், வீரர் அறையின் ஒழுங்கு, பத்திரிகையாளருடன் பழகும் பண்பு, உயர்மட்ட அனுபவம் முதலியன ஏனையவை. வணிக நிறுவனங்கள் உயர் அலுவலரைத் தெரியும் முறையே இங்கும் கையாளப்பட்டது. உள்ளுணர்வாலும் புகழாலும் நடந்துவந்த ஒரு செயலை எழுத்தில் வகுத்தமை, உதைபந்தாட்ட நிருவாக வரலாற்றில் ஒரு புதுமை எனலாம்.

செல்சிக் கழகத்தை 2007 செப்டெம்பரில் நீங்கி ஓய்விலிருந்த மொறீனியோவை, துணைத்தலைவர் மார்க் இங்லாவும் பணிப்பாளர் பெகிறிஸ்தைனும் லிஸ்பனிற் சந்தித்தனர். பெகிறிஸ்தைன் கிறைவின் அணியில் ஆடியவர். மொறீனியோ ஆயத்தமின்றி வரவில்லை. அணியை எவ்வாறு அமைப்பார் என்பதை விரிவாக எடுத்துரைத்ததுடன், கழகத்தின் வழக்கத்திற்கேற்பத் தம் முறையை மாற்றும் திட்டத்தையும் முன்வைத்தார் என்பர். இது உண்மையாயின், ஆட்டமுறை மாத்திரமே தடையாயிருந்ததெனக் கொள்ளமுடியாது. எதிரணியினருடனும் நடுவர்களுடனும் பத்திரிகைகளுடனும் ஓயாது போரிடுதலை அவர் வெற்றிக்கான கருவியாகவே கையாண்டு வந்தார். அதனைக் கைவிட அவர் இசையவில்லை. கழகத்தார் அஞ்சியது அதனையே. ஆதலின் ‘பாணி’ என்னும் சொல் அத்தெரிவில் இரு பொருள் தாங்கி நின்றது: ஆடும் பாணி ஒன்று, நடந்துகொள்ளும் பாணி மற்றொன்று. பிற்கால எழுத்தாளர் இரண்டாவதை மறந்து முதலாவதையே முழுக்காரணமாக்கினர்.

குவார்டியோலாவின் பக்கமும் அளவுகோல் முற்றாகப் பொருந்தவில்லை. உயர்மட்டத்தில் ஆடிய அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. பயிற்றுவித்த அனுபவம் இல்லை. தான் வகுத்த விதியையே கழகம் தளர்த்திற்று. ஆனால் வேறொரு சான்று கண்முன் இருந்தது. 2007–08இல் அவர் பயிற்றிய இரண்டாம் அணி, கடினமும் கரடுமான நான்காந் தரப் பிரிவிலே, முதலணிக்குரிய முறையிலேயே ஆடித் தன் குழுவில் முதலிடம் பெற்றது. செர்கியோ புஸ்கெற்ஸ், பெட்றோ ஆகியோர் அவ்வணியினர். தம் கோட்பாட்டை நாவாற் கூறுவோர் பலர். சேற்றுத் தரையில் செய்து காட்டியவர் அவர். பெகிறிஸ்தைன் எடைபோட்டது இதனையே எனல் தகும். புதிய வீரர் பட்டாளமொன்றை வாங்காது, ஏலவே வளர்ந்து நின்ற சாவி, இனியெஸ்தா, மெஸ்ஸி ஆகியோரை அவர் பயன்படுத்துவார் என்னும் பொருளாதார நியாயமும் இதிலடங்கும்.

தெரிந்தவர்களின் நிலையோ ஆட்டங்கண்டிருந்தது. யூலை 6ஆந் திகதி லப்போர்ட்டாவுக்கெதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு வாக்களித்தோருள் ஏறத்தாழ 60 வீதத்தினர் ஆதரவளித்தனர். மூன்றிலிரண்டு பங்கு தேவைப்பட்டமையால் மாத்திரமே அவர் தப்பினார். சில நாட்களில் சொறியானோ, இங்லா உட்படப் பணிப்பாளர் எண்மர் விலகினர். அளவுகோலை வகுத்தவரும் லிஸ்பனுக்குச் சென்றவரும் தம் தெரிவின் முதலாட்டத்தைப் பதவியிலிருந்து காணவில்லை.

முதல் லீக் ஆட்டத்தில் நுமான்சியாவிடம் 1–0 எனத் தோல்வி. அடுத்ததில் சந்தாந்தேர் நகரத்தாருடன் சமநிலை. அவ்விரு வாரங்களில் தெரிவு பெருந்தவறெனத் தோன்றியிருக்கும். பருவ முடிவிலோ லீக், அரசர் கிண்ணம், சம்பியன் கிண்ணம் மூன்றும் பார்சிலோனாவிடம் இருந்தன. 2009 மே 2ஆந் திகதி மட்றிட்டில் பெற்ற 6–2 வெற்றியில், மெஸ்ஸி முன்வரிசையின் நடுவிலிருந்து பின்னிறங்கி நிற்க, அவரைத் தொடர்வதா இடத்தைக் காப்பதா என்றறியாது றியல் மட்றிட்டின் நடுக்காவலர் தடுமாறினர். 2011இல் வெம்பிளியில் சம்பியன் கிண்ணத்தை மீண்டும் வென்ற அணியைத் தொடங்கிய பதினொருவருள் எழுவர் கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள்.

எனினும் 2010ஐ விட்டுவிடல் நேர்மையாகாது. அவ்வாண்டு அரையிறுதியில் இன்ரர் மிலான் அணியுடன் வந்தவர் மொறீனியோ. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வான்வழியை மூட, பார்சிலோனா வீரர் மிலானுக்குப் பேருந்திற் சென்று 3–1 எனத் தோற்றனர். மறு ஆட்டத்தில் இன்ரர் வீரரொருவர் இருபத்தெட்டாம் நிமிடத்திலேயே வெளியேற்றப்பட, எஞ்சிய பதின்மர் தம் இலக்கின் முன் அரணமைத்து நின்றனர். பந்து ஏறக்குறைய முழுநேரமும் பார்சிலோனாவிடம், கோல் ஒன்றுதான். நிராகரிக்கப்பட்டவர் இறுதியாட்டத்திலும் வென்று, அப்பருவத்தின் மூன்று கிண்ணங்களையும் பெற்றார். பின் றியல் மட்றிட்டுக்கு வந்து, 2012இல் 100 புள்ளிகளுடன் லீக் பட்டத்தைப் பறித்தார். வெற்றி ஒன்றே அளவாயின், பார்சிலோனா 2008இல் வேறு விதமாகத் தெரிந்திருந்தாலும் அதனைப் பிழையெனக் கூறுதல் இயலாது.

குவார்டியோலா 2012இல் நீங்கினார். அவருடைய உதவியாளரான ரிற்றோ விலனோவா பொறுப்பேற்று முதலாண்டிலேயே 100 புள்ளிகள் பெற்றார். அதே பருவ அரையிறுதியில் ஜேர்மனியின் பயேர்ண் மியூனிக் அணியிடம் இரு ஆட்டங்களிலுமாக 7–0 என அவ்வணி தோற்றது. பயேர்ணின் முகாமையாளர் ஹைங்கெஸ் அப்பருவத்தில் மூன்று கிண்ணங்களையும் வென்றார். அவருடைய இடத்திற்குக் குவார்டியோலாவை அக்கழகம் 2013 ஜனவரியிலேயே, அதாவது வெற்றிகள் யாவற்றுக்கும் முன்னரே, தெரிந்துவிட்டிருந்தது.

2015 மே 6ஆந் திகதி குவார்டியோலா பயேர்ண் அணியுடன் பார்சிலோனாவுக்குத் திரும்பினார். எதிர்ப்புறத்தில் நின்ற பயிற்றுநர் லூயிஸ் என்றீக்கே, ஒரு காலத்தில் அவருடன் ஒரே அணியில் ஆடியவர். பார்சிலோனா 3–0 என வென்றது. மூன்றாவது கோல், ஆட்டம் முடியுந் தறுவாயில், மெஸ்ஸியின் கடத்தலைப் பெற்று நெய்மார் ஆளற்ற வெளியில் தனித்தோடி அடித்தது; விரைந்தெழுந்த எதிர்த்தாக்குதல் ஒன்றின் விளைவு.