ஆட்டத்தைப் பார்க்காத ரசிகனுக்குப் பத்திரிகைதான் கண்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு கிரிக்கெட் செய்தியைக் காட்டினான். 'பழி தீர்த்தது', 'துவம்சம்', 'சுருண்டது' என்று தலைப்பிலேயே மூன்று சொற்கள். முழுவதும் படித்துப் பார்த்தேன். ஆட்டம் எந்த இடத்தில் திரும்பியது, யார் எப்படிப் பந்து போட்டார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. "ஜெயிச்சுட்டோம்ல தாத்தா, அது போதாதா?" என்றான். போதாது என்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 1986 செப்டம்பர் 22. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், கடைசி நாள். பள்ளி விட்ட பிறகும் நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகவில்லை. டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். 348 எடுத்தால் வெற்றி. 347 ஆனபோது, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஆட்டம் 'டை'. எதிர்முனையில் 48 ரன்னுடன் ரவி சாஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் காலை இரண்டு பேப்பர் வாங்கினேன். ஒன்று என் மனதில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தது. படிக்கச் சுகமாக இருந்தது. இன்னொன்று வேறு மாதிரி. வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொண்ட டீன் ஜோன்ஸ். தோற்கும் வாய்ப்பு இருந்தும் கடைசி நாள் காலையில் டிக்ளேர் செய்த ஆலன் பார்டர். நம்மவர்கள் பயப்படாமல் இலக்கைத் துரத்தியது. இவ்வளவும் அதில் இருந்தது. படிக்கப் படிக்க என் கோபம் இறங்கியது. எப்பேர்ப்பட்ட ஆட்டம் நம் ஊரில் நடந்திருக்கிறது என்று புரிந்தது. முதல் பேப்பர் அடுத்த வாரமே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. இரண்டாவதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன்.

அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது பல வருடம் கழித்து, நூலகத்தில் 1932-33 'பாடிலைன்' தொடரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

1930இல் இங்கிலாந்து சென்ற டான் பிராட்மன் ஒரே தொடரில் 974 ரன் அடித்தார். அவரை அடக்க வழி தேடினார் டக்ளஸ் ஜார்டின். 1932இல் கேப்டனாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். வழி இதுதான்: ஹெரால்டு லார்வுட் போன்ற அதிவேகப் பந்துவீச்சாளர்கள் பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து எகிறும் பந்துகளைப் போட வேண்டும். லெக் சைடில் நெருக்கமாக ஃபீல்டர்கள் நிற்பார்கள். மட்டையால் தடுத்தால் கேட்ச், தடுக்காவிட்டால் அடி. அப்போது ஹெல்மெட் கிடையாது.

1933 ஜனவரி, அடிலெய்டில் மூன்றாவது டெஸ்ட். லார்வுட் போட்ட பந்து ஆஸ்திரேலிய கேப்டன் பில் உட்ஃபுல்லின் நெஞ்சில், இதயத்துக்கு மேலே அடித்தது. மட்டையைப் போட்டுவிட்டுத் தள்ளாடினார். அடுத்து அவருக்கு லார்வுட் பந்து போட வந்தபோது, ஜார்டின் ஃபீல்டர்களை லெக் சைடுக்கு மாற்றினார். மைதானமே கொதித்தது. அன்று மாலை நலம் விசாரிக்க வந்த இங்கிலாந்து மேலாளர் பெல்ஹாம் வார்னரிடம், களத்தில் ஒரு அணிதான் கிரிக்கெட் ஆடுகிறது என்ற பொருளில் உட்ஃபுல் சொல்லி அனுப்பிவிட்டார். அறைக்குள் பேசியது பத்திரிகைகளில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டின் மண்டை ஓட்டில் எலும்பு முறிந்தது.

இப்போது கவனியுங்கள். இவ்வளவும் நடந்தபோது லண்டனில் இருந்த ரசிகனுக்கு என்ன தெரிந்தது? டிவி கிடையாது. படச்சுருள் கப்பலில்தான் வரவேண்டும். தந்தியில் வரும் செய்திதான் அவன் கண்.

அந்தக் கண்ணாக இருந்தவர்கள் யார்? இங்கிலாந்திலிருந்து சென்ற நிருபர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஈவினிங் ஸ்டாண்டர்டு அனுப்பிய புரூஸ் ஹாரிஸ் கிரிக்கெட் எழுதிப் பழகியவர் அல்லர். அவர் ஜார்டின் பக்கமே நின்றார். பிறகு எழுதிய புத்தகத்துக்கு 'ஜார்டின் ஜஸ்டிஃபைடு' என்றே பெயர் வைத்தார். மாபெரும் பேட்ஸ்மேன் ஜாக் ஹாப்ஸ் தி ஸ்டார் பத்திரிகைக்காகப் போயிருந்தார். உடம்புக்குக் குறிவைத்து வரும் பந்து எப்படிப்பட்டது என்று அவரை விட யாருக்குத் தெரியும்? ஆனால் தொடர் நடக்கும்போது பட்டும் படாமலும்தான் எழுதினார். ஊர் திரும்பிய பிறகுதான் அதைக் கண்டித்தார். ராய்ட்டர்ஸ் நிருபர் கில்பர்ட் மான்ட்டுக்கு நடந்ததை மட்டும் எழுதும் வேலை. கருத்துச் சொல்ல இடமில்லை.

எனக்கு மிகவும் உறைத்தது இந்தக் கடைசி விஷயம்தான். 'ஓல்ட்ஃபீல்டு 41, காயத்தால் வெளியேறினார்' என்று எழுதினால் அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஃபீல்டர்கள் எங்கே நின்றார்கள், பந்து எங்கே குத்தி எங்கே போனது, கூட்டம் ஏன் கத்தியது என்பது அதில் இல்லையே! எண்கள் சரியாக இருந்தும் உண்மை கடல் தாண்டிப் போய்ச் சேரவில்லை.

நியாயமாகப் பேசினால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓல்ட்ஃபீல்டு அடிபட்டபோது ஃபீல்டிங் வழக்கமான முறையில்தான் இருந்தது. தன் மட்டையில் பட்டுத்தான் பந்து தலையில் விழுந்தது, தவறு தன்னுடையதே என்று அவரே சொன்னார். கோபத்தில் இருந்த ஆஸ்திரேலிய ரசிகனுக்கு இதையும் எடுத்துச் சொல்வது அந்நாட்டு நிருபரின் கடமை. நம் ஆளுக்கு அடிபட்ட அன்றைக்கு அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

பிறகு நடந்தது பெரிய வம்பு. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் லண்டனுக்குத் தந்தி கொடுத்தது. இந்த ஆட்டம் விளையாட்டுப் பண்புக்கு விரோதமானது, இரு நாட்டு நட்பே கெடும் என்றது. லண்டன் எம்சிசி கமிட்டி தன் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. தோற்றவர்கள் புலம்புகிறார்கள் என்றே அங்கே பலர் நினைத்தார்கள். குற்றச்சாட்டை மறுத்து, வேண்டுமானால் மீதிப் பயணத்தை ரத்து செய்யவும் தயார் என்று பதில் போனது. கிரிக்கெட் தகராறு இரண்டு அரசுகளின் தலைவலியானது. கடைசியில் தொடர் எப்படியோ முடிந்தது. இங்கிலாந்துக்கு 4-1 வெற்றி, லார்வுட்டுக்கு 33 விக்கெட்.

இங்கிலாந்துக்காரர்களின் கண் எப்போது திறந்தது? அதே 1933 கோடையில், ஓல்டு டிராஃபோர்டில் மேற்கிந்தியத் தீவுகளின் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் அதே பாணியில் பந்து போட்டபோது. ஹாமண்டின் தாடை கிழிந்தது. (ஜார்டின் அதை எதிர்கொண்டு 127 அடித்தார், அவர் துணிச்சலையும் சொல்லத்தான் வேண்டும்.) ஓ, அவர்கள் சொன்னது இதைத்தானா என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. முன்பே ஒரு நல்ல நிருபர் இதை எழுத்தில் காட்டியிருந்தால்?

நம்மூர்த் தொடர்பும் உண்டு. இதே ஜார்டின்தான் 1934 பிப்ரவரியில் சென்னையின் முதல் டெஸ்டுக்கு இங்கிலாந்து கேப்டனாகச் சேப்பாக்கம் வந்தவர். அந்த ஆட்டத்தில் நமது அமர்சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். நம் தொடக்க ஆட்டக்காரர் நவ்மல் ஜவ்மல் வேகப்பந்தில் அடிபட்டு இரண்டாவது இன்னிங்ஸில் ஆடவே வரவில்லை.

இனி, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர். பெயர் ஜாக் ஃபிங்கிள்டன். ஆஸ்திரேலியத் தொடக்க ஆட்டக்காரர், தொழிலால் பத்திரிகையாளர். லார்வுட்டின் பந்துகளை உடம்பில் வாங்கியவர். அடிலெய்டில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம், அணியிலிருந்தும் நீக்கப்பட்டார். போதாததற்கு, அறைக்குள் பேசியதை வெளியே சொன்னது இவர்தான் என்ற பழி வேறு. கடைசி வரை அதை மறுத்தார். இப்படிப்பட்டவர் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவார்? நானாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் 13 ஆண்டுகள் கழித்து, 1946இல், 'கிரிக்கெட் கிரைசிஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பாடிலைன் தவறு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லார்வுட்டின் திறமையை மனதாரப் பாராட்டினார். அந்தத் தொடரைப் பற்றிய சிறந்த புத்தகங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

லார்வுட் கதி என்ன ஆனது தெரியுமா? மன்னிப்புக் கேட்க மறுத்தார், அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. பிளாக்பூலில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். 1948இல் பிராட்மன் அணியின் பயணத்தைப் பற்றி எழுத இங்கிலாந்து போன ஃபிங்கிள்டன் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் குடியேற ஊக்கம் கொடுத்து உதவியும் செய்தார். 1950இல் லார்வுட் குடும்பத்தோடு சிட்னி போய்ச் சேர்ந்தார். எந்த நாட்டில் அவரைக் கூட்டம் கரித்துக் கொட்டியதோ, அங்கேயே நிம்மதியாக வாழ்ந்து 1995இல் காலமானார்.

பேரனிடம் சொன்னது இதுதான். பந்து எங்கே விழுந்தது என்று காட்டுவது நல்ல செய்தி. நம் வயிற்றெரிச்சலை நமக்கே திருப்பிக் கொடுப்பது மோசமான செய்தி. எதிரணிக்காரனின் ஆட்டத்தைக் குறைக்காமல் எழுதுகிறாரா, நம் ஆள் செய்த தவறையும் எழுதுகிறாரா என்று பார். இந்த இரண்டும் இருந்தால் அவரை நம்பிப் படி. இல்லையென்றால் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடு.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நோட்டு இன்னும் இருக்கா தாத்தா?" என்றான். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். பேப்பர் பழுப்பேறிவிட்டது, எழுத்து இன்னும் படிக்க வருகிறது. டீன் ஜோன்ஸ் பத்தியை இரண்டு முறை படித்தான்.

உங்களில் யாராவது இப்படி வெட்டி வைத்த விளையாட்டுச் செய்தி உண்டா? எந்த ஆட்டம், ஏன் வெட்டி வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.