கைப்பிடியும் விதியும்

கருவிக்கு மனிதன் இசைவதா, மனிதனுக்குக் கருவி இசைவதா? போட்டிக் கைத்துப்பாக்கியின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. சுடுநர் பலர் வோல்நட் மரக் கைப்பிடியை வீட்டிலேயே அரத்தால் அராவி, குறைவிடங்களை மரத்தூள் கலந்த பசையால் நிரப்பி, சட்டகத்தின் கூர்விளிம்புகளை மழுக்கித் தம் உள்ளங்கைக்கு இசைவித்தனர். ஒவ்வொரு முறையும் கை ஒரேவாறு பொருந்தவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

1956ஆம் ஆண்டு மெல்போண் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர், குழாயைக் கைமட்டத்திற்குத் தாழ்த்திய தலைகீழ் அமைப்புடைய துப்பாக்கியைக் கையாண்டனர். பின்னுதைப்பால் முனை மேலெழுவது அதனாற் குறைந்தது. ஆயினும் விரைவுச் சூட்டுப் போட்டியின் தங்கப்பதக்கம் உருமேனியருக்கே சென்றது. பின்னர் அவ்வமைப்பை விதி விலக்கியது. 300 மி.மீ. நீளமும் 150 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் கொண்ட பெட்டிக்குள் துப்பாக்கி அடங்கவேண்டும் என்ற வரையறையும் ஏற்பட்டது.

ஹங்கேரிய வீரர் கரோலி தகாச்சின் வலக்கையை 1938இல் கைக்குண்டொன்று சிதைத்தது. அவர் இடக்கையைப் பழக்கி, 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் அதே போட்டியில் தங்கம் வென்றார். வலக்கைக்கெனச் செதுக்கிய பிடி இடக்கைக்கு உதவாது. தகாச் புதிதாகச் செதுக்கியது தம் கையையே எனலாம். கருவிக்கு விதி எல்லை வகுத்தது. பயிற்சிக்கு அது எல்லை வகுக்கவில்லை.