துருதான் மருந்து: கோபர் கேஸும் கூமுட்டை நாற்றமும்

வடக்கனந்தலில் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு கோபர் கேஸ் தொட்டி இருந்தது. எண்பதுகளின் கடைசி. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு வட்டக் கிணறு, அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு டிரம். ராத்திரி கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். காலையில் பெரியம்மா சமைத்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். "டிரம் எவ்ளோ ஒசரம் இருக்குன்னு பாத்துட்டு வாடா" என்று என்னைத்தான் அனுப்புவார்கள்.

இரண்டு விஷயங்கள் ஞாபகத்தில் தங்கிவிட்டன. ஒன்று, டிரம் மேலே இருந்த பித்தளை வால்வு கன்னங்கரேலென்று ஆகி, ஒருநாள் திருகவே முடியாமல் இறுகிப்போனது. இன்னொன்று, சில வருஷத்தில் டிரம்மின் இடுப்பில் ஓட்டை விழுந்து, கேஸ் குமிழி குமிழியாக வெளியே போனது. "சாணி இரும்பத் தின்னுடுச்சுடா" என்றார் பெரியப்பா. அதோடு தொட்டி குப்பைக்குழி ஆனது.

முப்பது வருஷம் கழித்து, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, சாண கேஸ்ல மோட்டார் இன்ஜின் ஓட்டலாம்னு இருக்கேன். பேரிங் போயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நெசமா?" நான் படித்தது பி.இ., பிழைப்பது கோடு எழுதி. பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். கொல்லையில் தொடங்கிய தேடல் லண்டன் தெருவிளக்கு வரை போய்விட்டது.

தின்றது சாணி அல்ல

குற்றவாளி ஹைட்ரஜன் சல்பைடு. கூமுட்டையை உடைத்தால் வருமே, அதே நாற்றம். மாடு தின்னும் தீவனத்தில், அதன் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் அது மட்கும்போது ஒரு பகுதி இந்த வாயுவாக மாறும். தண்ணீரில் சல்பேட் இருந்தால் அதையும் இப்படி மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்யரிங்க் 1895-ல் அவற்றை அடையாளம் கண்டார்.

பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பும் இந்த வாயுவும் சேர்ந்தால் கறுப்பான காப்பர் சல்பைடு. பெரியப்பா வீட்டு வால்வின் கதை இதுதான். டிரம் விஷயத்தில் பழி முழுவதையும் இதன்மேல் போட முடியாது. டிரம் ஏறி இறங்கும் இடத்தில் இரும்பு ஒருநேரம் சாணக் கரைசலில் நனைகிறது, ஒருநேரம் காற்றில் காய்கிறது. துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? வெளியே ஈரமும் காற்றும், உள்ளே ஈரமும் ஹைட்ரஜன் சல்பைடும். இரண்டு பக்கமும் அடி.

இன்ஜினில் கதை இன்னும் மோசம். வாயு எரியும்போது கந்தகம் சல்பர் டை ஆக்சைடு ஆகிறது. இன்ஜினை நிறுத்தி அது குளிரும்போது உள்ளே ஈரம் படியும். இரண்டும் சேர்ந்தால் அமிலம். அது இன்ஜின் ஆயிலில் இறங்கி, செம்பு கலந்த பேரிங்கை அரிக்கும். ஆக, பையனைப் பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை.

லண்டன்காரர்களின் தலைவலி

இந்தத் தலைவலி முதலில் வந்தது சாண வாயுக்காரர்களுக்கு அல்ல, நிலக்கரி வாயுக்காரர்களுக்கு. 1792-ல் வில்லியம் மர்டாக் நிலக்கரியைச் சூடாக்கி வந்த வாயுவால் தன் வீட்டுக்கு விளக்கேற்றினார். 1812-ல் லண்டனில் வாயு கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். நிலக்கரியிலும் கந்தகம் உண்டு. வெள்ளிச் சாமான் கறுத்தது, விளக்கு எரிந்த அறையில் மூச்சு முட்டியது.

முதல் வைத்தியம் சுண்ணாம்பு. வாயுவைச் சுண்ணாம்பு வழியாக விட்டால் கந்தகம் அதில் தங்கிவிடும். ஆனால் வேலை முடிந்த சுண்ணாம்பு அடித்த நாற்றம் ஊரையே தூக்கியது. "ப்ளூ பில்லி" என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். வாயுவிலிருந்த நாற்றத்தை எடுத்துத் தெருவில் கொட்டிய கதை.

இரண்டாவது வைத்தியம்தான் அழகு. 1849-ல் ஃபிராங்க் ஹில்ஸ் என்பவர் ஈர இரும்பு ஆக்சைடுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பாஷையில் சொன்னால், துரு! துருவை மரத்தூளோடு கலந்து பெட்டியில் பரப்பி அதன் வழியே வாயுவை விட்டார்கள். துரு கந்தகத்தைப் பிடித்து இரும்பு சல்பைடு ஆகிவிடும். அதை வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் கந்தகம் தனியே பிரிந்து, துரு பழையபடி துருவாகிவிடும். மறுபடி பெட்டிக்குள். இப்படிப் பல சுற்று ஓடி, கந்தகம் நிறைந்துபோன துருவைக் கடைசியில் கந்தக அமிலம் செய்பவர்களுக்கு விற்றார்கள். சுண்ணாம்பு செலவு வைத்தது, துரு காசு கொடுத்தது.

இரும்பை அழிக்கும் துரு, இரும்பைக் காக்கவும் செய்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாதுங்காவிலிருந்து கொல்லை வரை

இந்தியாவின் முதல் கழிவு வாயுக் கலன் 1859-ல் பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் அமைந்தது என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்தது. அந்த இல்லமே 1890-ல்தான் திறக்கப்பட்டது. 1897 என்று சொல்பவர்கள் கணக்குதான் பொருந்துகிறது. அந்த வாயுவில் 1907 வாக்கில் இன்ஜினும் ஓட்டியிருக்கிறார்கள்.

1950-களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் டிரம் வடிவத்தைக் கொண்டுவந்தார். 60-களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராகப் பரப்பியது. பெரியப்பா வீட்டில் இருந்தது அதன் வாரிசு. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது அதன் சாபம். விவசாயி வீட்டில் பெயின்ட் எத்தனையாவது செலவு? மாட்டுக்குப் பொட்டு, பிள்ளைக்கு ஃபீஸ், அதற்கெல்லாம் அப்புறம்தான்.

ஆகவே இரும்பையே தூக்கிவிட்டார்கள். 1978-ல் உத்தரப்பிரதேசத்தில் உருவான ஜனதா, 1984-ல் அஃப்ரோ நிறுவனம் கொண்டுவந்த தீனபந்து, இரண்டும் செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய குவிமாடங்கள். செலவும் குறைவு, துருவும் இல்லை. ஆனால் வாயுவில் கந்தகம் அப்படியே இருந்தது. நோயைக் குணப்படுத்தவில்லை, நோய் தாக்காத உடம்பைக் கட்டினார்கள். அடுப்புக்கு அது போதும். இன்ஜினுக்குப் போதாது.

நம்ம பக்கத்துக் கந்தகம்

எங்கள் ஊரைச் சுற்றி கோமுகி பாசனத்தில் கரும்பு, கல்வராயன் அடிவாரத்தில் மரவள்ளி. கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. நம் ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்க, வெளுக்க, கந்தகத்தை எரித்து அந்தப் புகையைச் சாற்றில் விடுவது வழக்கம். அதில் ஒரு பங்கு மொலாசஸில் தங்கும். மொலாசஸ் சாராய ஆலைக்குப் போகும். அங்கே மிஞ்சும் கழிவுநீரிலிருந்து எடுக்கும் வாயுவில் இந்தக் கந்தகம் திரும்ப எட்டிப்பார்க்கும். சாண வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு என்றால், அதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக் கலன் நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தருகிறது, அதில் 0.2 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு என்று வையுங்கள். அது 4 லிட்டர், எடையில் சுமார் 5.6 கிராம். வருஷத்துக்கு 2 கிலோ. ஒரு கிலோ இரும்பு ஆக்சைடு அதிகபட்சம் 0.64 கிலோவைப் பிடிக்கும். ஆக, ஏட்டுக்கணக்குப்படி வருஷத்துக்கு மூணேகால் கிலோ துரு. நடைமுறையில் கூடுதலாக வேண்டும். ஆனாலும் ஒரு லேத் பட்டறையில் கூட்டித் தள்ளும் இரும்புச் சுருள் போதும்.

சாராய ஆலையில் நாளைக்கு 10,000 கன மீட்டர், 3 சதவீதம் என்றால் நாளைக்கு 400 கிலோவுக்கு மேல். துருப்பெட்டி அங்கே எடுபடாது. இரும்பைக் கரைசலாக வைத்துச் சுற்றவிடும் முறை, கந்தகம் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கும் கோபுரம் என்று போக வேண்டும். நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எச்சம் முதலானவற்றிலிருந்து வண்டிக்கான வாயு எடுக்கிறார்கள். அப்படி விற்கும் வாயுவில் ஒரு கன மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நான் கணக்குப் போட்ட சாண வாயுவில் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும்.

பையனுக்குச் சொன்னது

லேத் சுருளை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விடு. பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி, வாயுவைக் கீழே விட்டு மேலே எடு. செம்பழுப்பு முழுக்கக் கறுப்பானால் மாற்று. ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள், ஒன்று காயும்போது மற்றது ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். கறுத்த சுருள் காற்றுப் பட்டதும் சூடேறும், தீயே பிடிக்கலாம். நனைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். வைக்கோல் போர் பக்கத்தில் கொட்டவே கூடாது.

இன்னொன்று, பேரிங்கைவிடப் பெரியது. இந்த வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். நூறு பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதித்தவரும் விழுவார். சாக்கடைக் குழியில் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கும் சாவுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இரும்புக்கு வைத்தியம் இருக்கிறது, அதற்கு இல்லை.

பெரியப்பா தொட்டியைக் கைவிட்டபோது ஒன்று சொன்னார்: "எவனும் உள்ள எறங்கக் கூடாது, மண்ணப் போட்டு மூடு." அவருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரி சரி. பையனிடம் அதையும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.