பின்சக்கரத்து வில்லும் திம்புள்ள மலைப்பாதையும்



அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏழாம் இலக்க நெடுஞ்சாலை கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை ஆகிய ஊர்களைக் கடந்து ஹட்டனை அடைகின்றது. கொட்டகலைக்கு அப்பால் திம்புள்ள. பின்னர் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. தாழ்நிலத்தில் தொடங்கும் அச்சாலை முடியுமிடத்தில் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. இவ்வழியே மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செய்வோர் இயந்திரத்தின் வலிமையைப் பற்றிப் பேசுவர். பிறேக்கைப் பற்றியும் பேசுவர். தம் முதுகெலும்புக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நின்று உழைக்கும் இரண்டு சுருள்வில்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவை தேய்ந்துபோனபின் வேறு சோடி தெரிவுசெய்யும் நாளிலேயே அவற்றின் நினைவு வருகின்றது.

பழுதுபார்க்கும் கடைகளில் 'சொக் அப்சோபர்' என வழங்கும் இக்கருவியை நாம் அதிர்வுதாங்கி என்போம். அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. அதிர்ச்சியைத் தாங்குவது வில். தாங்கிய வில் ஓயாது துள்ளாதபடி அதனை அடக்குவது உள்ளே அமைந்த எண்ணெய்க் குழாய். தாங்குதல் வேறு, அடக்குதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து ஒரே கருவியில் ஒழுங்காக அமைப்பதற்கு மோட்டார் சைக்கிள் செய்வோருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. அந்த அரை நூற்றாண்டின் கதையை நம் மலைநாட்டுப் பாதைகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

திம்புள்ளப் பாதைகள் மோட்டார் வண்டிக்கென்று பிறந்தவையல்ல. கோப்பித் தோட்டங்கள் பரவிய காலத்தில் மாட்டு வண்டிகளுக்காக வெட்டப்பட்டவை அவற்றுள் பல. மாட்டின் மூச்சுக்கு ஏற்ற ஏற்றம். வண்டிச் சக்கரத்தைத் தாங்கும் கருங்கல். மழைநீர் வடிய ஓரத்திலும் குறுக்கேயும் வெட்டிய கான்கள். இவற்றை வெட்டிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர் கைகள் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. 1869-ஆம் ஆண்டில் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அடியோடு அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்றே தவிரப் பாதை மாறவில்லை. 1874-இல் நாவலப்பிட்டிவரை வந்த புகையிரதம் 1885-இல் நானுஓயாவை எட்டிப் பிடித்தது. ஆயினும் புகையிரத நிலையத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து லயத்துக்கும் அதே கல்லும் கானும்தான்.

அப்பாதையில் துரைமார் முதலிற் குதிரையேறிச் சென்றனர். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. பெரியதுரைக்குக் கார், சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு மரபாயிற்று. அதிகாலையில் பிரட்டுக்களத்துக்கு அதன் ஓசை மேட்டிலிருந்து இறங்கி வரும்போதே கங்காணிமாரின் குரலும் உயர்ந்துவிடும் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்நாளைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் வில்லே கிடையாது. சக்கரத்தின் அச்சு நேரே இரும்புச் சட்டத்திற் பூட்டப்பட்டிருக்கும். ஆசனத்தின் கீழே இரண்டு சுருள்கள், அவ்வளவே. கானில் விழுந்த சக்கரம் கொடுத்த அடி சட்டம் வழியாக ஏறிவரும். ஆசனச் சுருள் சவாரி செய்பவனை மேலே எறியும். எறிந்தபின் அவனை மீட்க ஒன்றும் இராது.

பின்சக்கரத்துக்கு வில் வைக்கும் எண்ணம் அப்போது உலகில் இல்லாமலில்லை. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1913-இலேயே தட்டைவில் பூட்டிய பின்சட்டத்தை விற்றது. இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ற் 1928-இல் முக்கோண வடிவான அசையும் பின்சட்டமொன்றுக்கு உரிமை பதிந்தார். ஆனால் பிரித்தானிய சவாரிக்காரர் அதனை நெடுங்காலம் நம்பவில்லை. பின்பாகம் அசைந்தால் வளைவில் வண்டி நெளியும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் வெறும் பிடிவாதமன்று. சட்டத்தின் கீல்கள் தளர்ந்திருந்தால், வில்லை அடக்கும் ஏற்பாடு சரியாக இல்லாதிருந்தால், வண்டி உண்மையிலேயே நெளிந்தது. 1934-ஆம் ஆண்டில் நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியபோது உலகெங்கும் வேகத்தை நாடியோரில் மிகப் பலர் வில்லற்ற விறைப்பான சட்டத்தையே விரும்பினர் என்பதை நாம் மறத்தலாகாது.

இடைக்காலத்தில் இருவகைச் சமரசங்கள் தோன்றின. ஒன்று, அச்சின் இருபுறமும் நேர்மேலும் நேர்கீழும் அசையும் வில்தூண். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1938-இல் இதனைத் தன் வண்டிகளில் அமைத்தது. யுத்தத்துக்குப் பின் பி.எஸ்.ஏ. முதலிய ஆங்கில நிறுவனங்களும் கைக்கொண்டன. மற்றது டிரையம்ப் நிறுவனத்தாரின் வில்குடம்: சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வில்களை அடக்கி வைத்த விந்தை. அதனைத் தெரியாத்தனமாகக் கழற்றினால் இறுகிக் கிடக்கும் வில் பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். இரண்டிலும் அசைவு சில அங்குலமே. வில்தூணில் சக்கரம் நேர்கோட்டில் ஏறி இறங்குவதால் சங்கிலி இறுகியும் தளர்ந்தும் துன்புறுத்திற்று. இவையெல்லாம் இன்று அரும்பொருட்சாலைக்கு உரியவை. அவற்றைக் கடந்து செல்வோம்.

திருப்பம் 1949, 1950-ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது. றோயல் என்பீல்ட் நிறுவனத்தார் 1948-இற் காட்டி, 1949-இல் விற்பனைக்கு விட்ட புல்லட் வண்டியில் பின்சக்கரம் கீலிலே ஆடும் கரம் ஒன்றிற் பூட்டப்பட்டது. அக்கரத்தின் இருமருங்கும் எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கிகள் நின்றன. அடுத்த ஆண்டிலேயே வட அயர்லாந்துக்காரரான மக்கான்ட்லஸ் என்பார் நோட்டன் நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்த சட்டம் மான் தீவுப் பந்தயத்தில் இரு பெரும் பிரிவுகளிலும் வென்றது. அதில் ஏறிப் பார்த்த பந்தயவீரர் ஒருவர் இறகு மெத்தையிற் கிடப்பதுபோல் இருக்கிறது என்றார். அதுவே அச்சட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. மெத்தையின் சுகத்தைவிட முக்கியமானது, சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருந்தது என்பதே. தரையை விட்ட சக்கரத்துக்குப் பிறேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. 1954-இல் பி.எஸ்.ஏ.யும் டிரையம்பும் இவ்வழிக்கு வந்துவிட்டன.

தமிழருக்கு இக்கதையில் ஒரு தனி உறவு உண்டு. 1955-இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அந்த 1949-ஆம் ஆண்டு அமைப்பு, சிறு மாற்றங்களுடன், இங்கிலாந்தில் அது மறைந்தபின்னும் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது.

நம் மலைநாட்டிலோ வேறு சோதனை வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதே காலத்தில், 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975-ஆம் ஆண்டின் திருத்தத்தாலும், தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. துரைமார் மாறினர், பழைய ஆங்கில வண்டிகள் மாறவில்லை. உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாளில் நம் கைவினைஞர் செய்த உபாயங்கள் வியப்புக்குரியவை, சில அஞ்சத்தக்கவையும்கூட. தளர்ந்த வில்லின் அடியில் இரும்பு வளையம் வைத்தல் ஒரு முறை. அதில் தீங்கு குறைவு. வில்லை நெருப்பிற் காய்ச்சி நீட்டுதல் மற்றொரு முறை. காய்ச்சிய உருக்கு தன் பதத்தை இழக்கும்; சில வாரங்களில் முன்னிலும் தளர்ந்து கிடக்கும், அல்லது முறியும். ஆனால் எண்ணெய்க் குழாயைப் பற்றி அக்காலத்திற் கவலைப்பட்டோர் குறைவு. அது வெளியே தெரியாத உறுப்பல்லவா?

வரலாறு மீண்டும் அதே வாசலில் வந்து நின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025-இன் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு அத்தடை தளர்ந்தது. அந்த ஐந்தாண்டுகளில் புதிய வண்டி வாங்க வழியின்றி, இருந்த வண்டிக்கே புதிய உறுப்பு தேடினோர் ஏராளம். அவர்களுள் நானும் ஒருவன்.

என் வண்டியின் பின்வில் தளர்ந்து, இருவர் ஏறினால் சக்கரம் மட்காட்டில் உராய்ந்தது. நான் ஒரு கடைக்குச் சென்றேன். "ஐயா, மலைப்பாதைக்குக் கட்டியான வில்தான் நல்லது" என்றார் கடைக்காரர். நானும் தலையசைத்தேன். பாரத்தோடு ஏறும்போது வண்டி சிங்கம்போல் ஏறிற்று. மறுநாள் தனியே நானுஓயாவிலிருந்து தலவாக்கலை நோக்கி இறங்கினேன்; மழை பெய்து ஓய்ந்திருந்தது. உடைந்த தார் கிடந்த ஒரு வளைவில் பிறேக்கை அழுத்தினேன். பின்சக்கரம் தவளைபோல் மும்முறை துள்ளிற்று; மூன்றாம் துள்ளலில் நானும் வண்டியும் கானில் கிடந்தோம். எதிரே கொழுந்து லொறி ஒன்று வராதது என் நல்வினை. முழங்காலில் அதன் அடையாளம் இன்றும் உண்டு.

ஏன் அவ்வாறாயிற்று? இறக்கத்தில் பிறேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் இலேசாகிவிடும். இலேசான சக்கரத்தின்மேல் விறைப்பான வில் இருந்தால், மேட்டில் ஏறிய சக்கரம் பள்ளத்தைத் தொடுவதற்கு இறங்கி வராது. ஆகவே ஏற்றத்தையும் பாரத்தையும் மட்டும் நினைத்து வில் வாங்குவோர் பாதிப் பாதைக்கே வாங்குகின்றனர்.

வில்லின் வலிமையை அறிய எளிய வழியொன்று உண்டு. அதற்கு ஓர் அளவுநாடாவும் ஒரு துணையாளும் போதும். பின்பாகத்தைத் தூக்கிச் சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து சட்டத்தில் இட்ட குறிவரை அளக்க வேண்டும். பின்னர் சவாரி செய்பவர் தம் வழக்கமான சுமையுடன் அமர மீண்டும் அளக்க வேண்டும். சக்கரம் 90 மில்லிமீற்றர் அசையக்கூடியதானால், இவ்விரு அளவுக்கும் 30 மில்லிமீற்றர் வரை வேறுபாடு இருத்தல் நன்று. மிகுதியாக இருப்பின் வில் தளர்ந்தது. பத்துப் பதினைந்தே என்றால் மிக விறைப்பானது. என் புது வில்லில் அது ஒன்பது மில்லிமீற்றர். விழுந்தபின் அளந்தேன்.

கீழே உள்ள வளையத்தைத் திருகினால் வில் வலுப்பெறும் என்ற ஒரு நம்பிக்கை பலரிடம் உண்டு. கேர்லிங் நிறுவனத்தாரின் மூன்று படி வளையம் பரவிய நாள்முதல் இம்மயக்கம் இருந்துவருகின்றது. வளையம் வண்டியின் உயரத்தைச் சரிசெய்யுமேயன்றி வில்லின் இயல்பை மாற்றாது. பின்னால் ஒருவர் ஏறும்போது திருகி, அவர் இறங்கியபின் தளர்த்துவதற்காகவே அது அமைந்தது. வில்லே பொருந்தாதபோது வளையத்தால் ஆவதொன்றில்லை.

எண்ணெய்க் குழாயின் குறையைக் கண்ணாற் காண முடியாது; கையாற் காணலாம். பின்னாசனத்தை வலிந்து அழுத்தி விடுங்கள். ஒருமுறை மேலெழுந்து நின்றுவிட்டால் நன்று. இரண்டு மூன்று முறை ஊசலாடினால் எண்ணெயோ அடைப்போ போய்விட்டது. கரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறிக் காற்றோடு கலந்து நுரைக்கும்; நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. பிரெஞ்சுப் பொறியியலாளர் த காபோன் இதற்குக் கண்ட பரிகாரம், அழுத்தமூட்டிய வாயுவால் எண்ணெயை நெருக்கி வைத்தல். இன்று நம் சந்தையில் வாயு நிரப்பியவை என விற்கப்படுவன அவ்வழி வந்தவையே. 1973-இல் யமகா நிறுவனம் ஒற்றை அதிர்வுதாங்கியோடு பந்தயத்தில் வென்றதும், 1976-இல் சுவீடனில் ஓலின்ஸ் தோன்றியதும் அதற்குப் பின் வந்த அத்தியாயங்கள். அவற்றின் விலையோ நம்மிற் பலருடைய வண்டியின் விலையை நெருங்கும்.

இனி நீளம். அதிர்வுதாங்கியின் இரு முனைகளிலும் உள்ள துளைகளைக் 'கண்' என்பர். ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறுகண்ணின் நடுவரை உள்ள தூரமே அதன் நீளம். குட்டையானால் சக்கரம் மட்காட்டைத் தொடும். நெட்டையானால் வண்டியின் பின்பாகம் உயர்ந்து, முன்கவர் செங்குத்தாகி, கைபிடி அமைதியிழக்கும். சங்கிலியின் கோணமும் மாறும். கண்ணினுள் இருக்கும் றப்பர் வளையத்தின் துளை வண்டியின் ஆணிக்குச் சரியாக அமையவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் அவசியம். ஒன்று புதிது, மற்றொன்று பழையது என்றால் ஆடும் கரம் முறுக்குண்ணும்.

கடைக்குச் செல்லுமுன் பழைய சோடியைக் கழற்றி, முழுதும் நீட்டி, அதன் அளவைக் காகிதத்திற் குறித்துச் செல்லுங்கள். என் வண்டியில் அது 320 மில்லிமீற்றர். கடைக்காரர் பழைய பத்திரிகையில் சுற்றித் தந்து, நான் பிரித்துப் பாராமல் பூட்டிய சோடி 340.